தோட்டத்தோடு ஒரு ஜார்ஜியன் வீடு: யார், எதைக்கொண்டு புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள்

கேள்வி:

ஐயா, நாங்கள் பல ஆண்டுகளாகப் பீட்டர்பரோவில் இருக்கிறோம். ஸ்டாம்ஃபோர்டுக்குப் பக்கத்தில், ரட்லண்டில் ஒரு கிராமத்தில் 1780களில் கட்டிய ஜார்ஜியன் கல் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. ஐந்து படுக்கையறை, சுற்றுச்சுவர் வைத்த தோட்டம், பழ மரங்கள், முகப்பில் விஸ்டீரியா கொடி. எட்டரை லட்சம் பவுண்டு கேட்கிறார்கள். கிரேடு 2 லிஸ்டட் கட்டடம், அதாவது பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் தேசியப் பட்டியலில் உள்ளது. இப்போதைய உரிமையாளர்கள் முழுவதும் புதுப்பித்திருக்கிறார்கள், நீங்கள் பெட்டியோடு குடிபுகலாம் என்கிறார் ஏஜென்ட். பேங்க் ஆள் வந்து மதிப்புப் போட்டுவிட்டதால் கட்டடத்தின் நிலையைப் பரிசோதிக்கத் தனியாக சர்வே எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு, ஜன்னல்களை டபுள் கிளேசிங் ஆக்கி, மாமியாருக்குக் கீழேயே ஒரு குளியலறை கட்ட ஆசை. முடியுமா? தோட்டத்தைப் பராமரிப்பது கஷ்டமா? இப்போது இருக்கும் வீட்டை விற்காமல் வாடகைக்கு விடலாம் என்றும் யோசனை. சாப்பாட்டு அறையில் ஒரு சுவரின் அடியில் மட்டும் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருந்தது. பழைய வீட்டில் அதெல்லாம் சகஜம் என்றார்கள். படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, பீட்டர்பரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கணவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேங்க் அனுப்பியவர் பேங்குக்காக வந்தவர். நாளைக்குக் கடன் நின்றுபோனால் வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துவிட முடியுமா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. பரணில் ஏறியிருக்க மாட்டார், தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார், சுவருக்குள் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கவும் மாட்டார். உங்களுக்கு வேண்டியது ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர்கள் அமைப்பின் லெவல் 3 சர்வே, இருப்பதிலேயே விரிவானது அதுதான். அதிலும் பழைய கட்டடங்களில் பழகிய, கன்சர்வேஷன் (பழங்கட்டடப் பாதுகாப்பு) அங்கீகாரம் உள்ள சர்வேயராகப் பாருங்கள். புது எஸ்டேட் வீடுகளையே பார்த்துப் பழகியவர் இந்த வீட்டுக்கு வந்தால் ஈரமானியைச் சுவரில் வைத்துவிட்டு, ‘ஈரம் இருக்கிறது, நிபுணரை அழைக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆயிரம், இரண்டாயிரம் பவுண்டு செலவாகலாம். எட்டரை லட்சத்துக்கு முன்னால் அதைச் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம், கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெயின்ட் உப்பியிருந்தது என்று, உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். உங்கள் நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பாட்டு அறைக்கு வெளிப்பக்கம், சுவரை ஒட்டியே உயரமாக ஒரு பூப்பாத்தி. லாவண்டர் செடிகள், அவற்றைச் சுற்றி மரப்பட்டைத் தூள் போட்டிருக்கிறது. மண் மட்டம் ஜன்னல் அடிக்கல்லுக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. உள்ளே தரை அதைவிட நன்றாகத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்தச் சுவர் வருஷம் முழுக்க ஈர மண்ணுக்குள் நிற்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அந்தச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ஜார்ஜியன் வீடு என்று பொதுவாகச் சொல்வது 1714இல் முதலாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததிலிருந்து 1830இல் நான்காம் ஜார்ஜ் இறந்தது வரைக்குமான வீடுகளை. ஸ்டாம்ஃபோர்டு வட்டாரத்தில் அவை அவ்வளவு நேர்த்தியாக நிற்பதற்குக் காரணம் உண்டு. லண்டனிலிருந்து வடக்கே போகும் கிரேட் நார்த் ரோடு அந்த ஊர் வழியாகப் போனதால் கோச் வண்டிக் காலத்தில் அங்கே பணம் புழங்கியது. காலுக்கு அடியிலேயே நல்ல சுண்ணாம்புக்கல்லும் கிடைத்தது. கெட்டன், கிளிப்ஷம், பார்னக் எல்லாம் கல்லுக்குப் பேர்போன ஊர்கள். கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது கெட்டன் கல்தான். இங்கிலாந்தில் முதல் கன்சர்வேஷன் ஏரியாவாக, அதாவது பழமை மாறாமல் பாதுகாக்க வேண்டிய பகுதியாக, 1967இல் அறிவிக்கப்பட்டதும் ஸ்டாம்ஃபோர்டுதான்.

இந்த வீடுகளில் முகப்புக்கு மட்டும் இழைத்து வெட்டிய கல் வைப்பார்கள். பக்கச் சுவரும் பின்சுவரும் கையில் கிடைத்த அளவுக் கற்களை அடுக்கி, நடுவில் சில்லுக்கல்லும் காரையும் நிரப்பியவை. ஒன்றரை, இரண்டடி கனம் இருக்கும். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புக் காரை. ஈரம் ஏறாமல் தடுக்கத் தனியாக எதுவும் கிடையாது. மழை ஈரமும் தரை ஈரமும் சுவருக்குள் வரும். காரை வழியாக, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் காய்ந்து போகும். வருவதும் போவதும் சமமாக இருக்கிறவரை அறை உலர்ந்தே இருக்கும். மண்பானைக்கு வெளியே ஆயில் பெயின்ட் அடித்தால் தண்ணீர் குளிராது இல்லையா, கசிந்து காய வழியில்லாததால்? இந்தச் சுவருக்கும் அதேதான்.

புதுப்பிக்கிறேன் என்று வருபவர்கள் பெரும்பாலும் கைவைப்பது இதில்தான். கல் இணைப்புகளை சிமென்ட்டால் பூசுவார்கள். உள்ளே சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு ஜிப்சம் பிளாஸ்டர் பூசி, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பார்கள். மண்மேல் பாவியிருந்த கல் தரையைப் பெயர்த்துவிட்டு, பிளாஸ்டிக் ஷீட் விரித்து கான்கிரீட் போடுவார்கள். தரை வழியாக மேலே வந்து காய்ந்துகொண்டிருந்த ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவர் அடிக்குப் போகும். பார்க்க எல்லாமே பளிச்சென்று இருக்கும், முதல் சில வருஷங்களுக்கு. பிறகு சிமென்ட்டைச் சுற்றியுள்ள கல் உறைபனியில் உதிர ஆரம்பிக்கும். கல் உள்வாங்கி, சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே பெயின்ட் உப்பும்.

ஆகவே ‘புதுப்பித்தாயிற்று’ என்பது தன்னளவில் விலையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கைபடாத பழைய வீட்டைவிட, தவறான பொருளால் புதுப்பித்த வீடு வாங்குகிறவருக்கு அதிகச் செலவு வைக்கும். போட்டதை எல்லாம் முதலில் எடுக்க வேண்டும், எடுக்கும்போது கல்லும் கூட வரும். சரியான பொருளால், பொறுமையாகச் செய்திருந்தால் அந்த வீடு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். இரண்டையும் போட்டோவில் பிரித்தறிய முடியாது. நீங்கள் தீர விசாரிக்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

சர்வேயர் வருவதற்கு முன்பே நீங்கள் சிலவற்றைப் பார்த்துவிடலாம். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, பின்சுவரில் கல் இணைப்பு ஒன்றைச் சாவி முனையால் லேசாகக் கீறுங்கள். சுண்ணாம்புக் காரை வெளிர் நிறத்தில் மாவாக உதிரும். சிமென்ட் சாம்பல் நிறத்தில் இருக்கும், சாவியை வழுக்கிவிடும். உள்ளே, வெளிச்சுவர்களை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போங்கள். கல் சுவர் மேல் நேராகப் பூசியிருந்தால் ‘தொப்’ என்று கனமான சத்தம் வரும். ‘டொக் டொக்’ என்று காலியாகக் கேட்டால் முன்னால் பிளாஸ்டர் போர்டு அடித்து மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பின்னால் இருப்பது நல்ல சுவராகவும் இருக்கலாம், ஊறிப்போன சுவராகவும் இருக்கலாம். அந்த அறையில் சுவருக்கு மிக அருகில் அலமாரி நின்றால் நகர்த்திப் பார்க்கக் கேளுங்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அங்கேதான் முதலில் தெரியும்.

ஜன்னல்களையும் கவனியுங்கள். மேல்கீழாக ஏறி இறங்கும் சாஷ் ஜன்னலில், மேல் சட்டத்தின் இரு கீழ் மூலைகளிலும் சின்னதாகக் கொம்புபோல மரம் நீண்டிருக்கிறதா? இருந்தால் அந்த ஜன்னல் பெரும்பாலும் விக்டோரியா காலத்தது, அல்லது அதற்கும் பிந்தையது. ஜார்ஜியன் சாஷில் கொம்பு இருக்காது. கண்ணாடித் தகடு பெரிதாகி கனம் கூடிய பிறகுதான் சட்டத்துக்கு அந்த வலு தேவைப்பட்டது. வெளியே சாய்வாக நின்று கண்ணாடியில் மரத்தின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் நெளிந்தால் அது கையால் ஊதிச் செய்த பழைய கண்ணாடி. அப்படிக் கண்ணாடி இன்னும் மிச்சமிருந்தால் உரிமையாளர்கள் கவனமாக வேலை செய்தவர்கள் என்பதற்கு அது நல்ல அறிகுறி. எனக்கு அந்த நெளிவு மேல் தனிப் பிரியம். ஒரு வீட்டில் அதைப் பார்த்ததும் மற்ற வேலைகள் மேலும் நம்பிக்கை வந்துவிடும்.

கூரை. அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குக் காலிவெஸ்டன் கல்லோடு. நிஜமான ஸ்லேட் இல்லை, சுண்ணாம்புக்கல்தான். வெட்டியெடுத்த கட்டியைக் குளிர்காலம் முழுக்க நனைத்து வெளியே போட்டுவைப்பார்கள், உறைபனி அதைத் தகடு தகடாகப் பிளந்து கொடுக்கும். கூரை ஓரத்தில் பெரிய ஓடு, மேலே போகப்போகச் சின்ன ஓடு என்று அடுக்குவார்கள். அழகில் அதற்கு ஈடு கிடையாது. விலையிலும் அப்படித்தான், அதைப் போடத் தெரிந்த ஆட்களும் குறைவு. ஆகவே கடைசியாக எப்போது ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள், எந்தப் பக்கம் மட்டும் போட்டார்கள் என்று கேளுங்கள். டார்ச்சோடு பரணில் ஏறி, ஓட்டின் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிற நுரை அடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்ப்ரே ஃபோம் அடித்த கூரைக்குக் கடன் தர மறுக்கும் பேங்குகள் நிறைய. கைமரம் மூடிப்போவதால் அது உளுத்தாலும் வெளியே தெரியாது.

இனி காகிதம். உங்கள் வீடு கிரேடு 2. லிஸ்டட் கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வகைதான். கிரேடு 2 என்றால் முகப்பு மட்டும்தான் பாதுகாக்கப்பட்டது, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. உள்ளும் புறமும் சேர்த்தே பாதுகாப்பு. தேசியப் பட்டியலில் அந்த வீட்டின் பதிவை இலவசமாக இணையத்தில் படிக்கலாம். படித்துவிட்டு, ‘உள்ளே இருக்கும் கணப்பு அடுப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே’ என்று சந்தோஷப்பட வேண்டாம். பழைய பதிவுகள் வீட்டை அடையாளம் காட்டுவதற்காகத் தெருவில் நின்று எழுதிய நாலு வரிகள். எழுதாததும் பாதுகாப்பில் அடங்கும். தோட்டத்துச் சுற்றுச்சுவர், பழைய கொட்டகை என்று வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்பவையும் பொதுவாக இதில் சேரும்.

கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் கவுன்சிலின் லிஸ்டட் கட்டட அனுமதி வேண்டும். வாங்காமல் செய்வது கிரிமினல் குற்றம்: வரம்பில்லாத அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. உங்களுக்கு உறைக்க வேண்டிய இடம் அடுத்தது. சாதாரண பிளானிங் விதிமீறலைப் போல, இத்தனை ஆண்டு கடந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற கால வரம்பு இதற்கு இல்லை. முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்ததற்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் அதைப் பழையபடி ஆக்கு என்கிற நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும், அதாவது உங்களுக்கு.

எனவே வீட்டுப் பத்திர வேலையைப் பார்க்கும் உங்கள் சொலிசிட்டர் (வக்கீல்) மூலம் கேளுங்கள்: எந்தெந்த வேலைக்கு அனுமதி வாங்கினார்கள், அனுமதியோடு வந்த நிபந்தனைகளை முடித்ததற்கு ஆதாரம் என்ன, பில்டிங் ரெகுலேஷன் சான்றிதழ்கள் எங்கே, மேஸ்திரி கொடுத்த பில்லில் என்ன காரை, என்ன பிளாஸ்டர் என்று இருக்கிறது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றனவா. ஆசையோடு புதுப்பித்தவர்கள் இதையெல்லாம் தடித்த ஃபைலாக வைத்திருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள். ஃபைல் இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

அனுமதி இல்லாத வேலை ஏதாவது தெரியவந்தால், ‘இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்’ என்று எதிர்த் தரப்பு சொல்லும். இது இங்கே அன்றாட வழக்கம். அந்தப் பாலிசி, கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்தைத் தரும். அனுமதியில்லாத வேலையைச் சட்டப்படி சரியாக்காது. நீங்களாகக் கவுன்சிலுக்குப் போன் செய்து விசாரித்துவிட்டால் பெரும்பாலும் பாலிசியே கிடைக்காது. அதனால் சொலிசிட்டரிடம் பேசாமல் கவுன்சிலை அழைக்காதீர்கள். சின்ன விஷயத்துக்கு, எடுத்துக்காட்டாகப் பின்பக்க பாத்ரூமில் ஒரு கதவு மாற்றியதற்கு, பாலிசி போதும். பெரிய அறைகளில் சுவர் எடுத்திருந்தாலோ, பழைய ஜன்னல்களை மாற்றியிருந்தாலோ, விற்பவரே முறையாக அனுமதி வாங்கித் தரட்டும் என்று நிற்பதுதான் சரி என்பது என் கருத்து. ஏனென்றால் நீங்களும் அங்கே வேலை செய்யப் போகிறீர்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்க வரும் கன்சர்வேஷன் ஆபீசர் கண்ணில் அந்தப் பழைய வேலையும் படும்.

உங்கள் மூன்று ஆசைகளுக்கு வருகிறேன். சமையலறைச் சுவர்: நடுவில் ஹால், இருபுறமும் அறை என்ற அந்த அமைப்பே ஜார்ஜியன் வீட்டின் அடையாளம். முன்பக்கத்துப் பெரிய அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரை எடுக்க அனுமதி கிடைப்பது கடினம். சமையலறை பின்கட்டில், பிற்காலத்தில் சேர்த்த பகுதியில் இருந்து, சுவரும் பிற்காலத்ததாக இருந்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. முழுச் சுவரையும் எடுக்காமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் சுவரை விட்டுவிட்டு அகலமான வாசலாகத் திறக்கக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இன்னொன்று. நம் வீடுகளில் தாளிப்புப் புகைக்கு நல்ல எக்ஸாஸ்ட் வேண்டும். அதற்காக இரண்டடிக் கல் சுவரில் ஓட்டை போடுவதற்கும் அனுமதி தேவை. பயன்படாமல் இருக்கும் புகைபோக்கி வழியாகக் குழாயைக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். பல வீடுகளில் அதுவே வழி.

டபுள் கிளேசிங்: பழைய சட்டமும் பழைய கண்ணாடியும் இருந்தால் மாற்றக் கேட்கவே வேண்டாம். ஜன்னல்கள் 1970களில் மாற்றியவை என்று தெரியவந்தால் மெல்லிய இரட்டைக் கண்ணாடிக்கு அனுமதி கிடைக்கலாம். எப்படியானாலும் முதலில் சட்டங்களுக்குக் காற்றுத்தடுப்பு பிரஷ் வைத்து, உள்பக்கம் தனியாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் போடுங்கள். செகண்டரி கிளேசிங் என்று கேட்டால் செய்து தருவார்கள். கண்ணாடி மாற்றாமலே குளிர் கணிசமாகக் குறையும். ஜன்னலோரப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தீர்களானால் பழைய மடக்குக் கதவுகள் உள்ளேயே பெயின்ட்டில் ஒட்டிக் கிடக்கக்கூடும். அவற்றை விடுவித்து, இரவில் மூடிவிட்டால் குளிர் இன்னும் தணியும். சுரண்டும்போது மட்டும் கவனம்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், நனைக்காமல் உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது.

மாமியாருக்குக் குளியலறை மூன்றிலும் சுலபமானது. பின்கட்டில் ஸ்டோர் ரூமாக இருக்கும் இடத்தில், கழிவுக்குழாய் முகப்பில் தெரியாதபடி அமைத்தால் எதிர்ப்பு வராது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பொதுவாக எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும், நடைமுறையில் இழுக்கும். வரைபடம் போட்டுத் தரும் ஆர்க்கிடெக்ட்டுக்குத்தான் செலவு. பொதுவாக வேலைகளுக்கு 20 சதவீதம் வாட் உண்டு. அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு வாட் இல்லாத சலுகை 2012 அக்டோபர் 1ஆம் தேதியோடு போய்விட்டது. பழைய கதையை நம்பி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தோட்டம் கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் இரண்டு பேர் வார இறுதியில் சமாளிக்கக்கூடிய அளவு இல்லை, படங்களைப் பார்த்தால். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாரா வாரம் புல் வெட்ட வேண்டும். விஸ்டீரியாவை வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூலை ஆகஸ்டிலும் ஜனவரி பிப்ரவரியிலும், கழிக்க வேண்டும். விட்டால் கொடி நுனி கூரை ஓட்டுக்கு அடியில் நுழைந்து ஓட்டையே தூக்கிவிடும், மழைநீர்க் குழாயைப் பிடுங்கும். பாதையோரம் அழகாகக் கத்தரித்திருக்கும் அந்தக் குட்டை வேலி பாக்ஸ் செடி. அதில் பிளைட் பூஞ்சையும், பாக்ஸ் அந்துப்பூச்சியின் புழுவும் இங்கிலாந்தில் பெரிதாகப் பரவிவிட்டன. கிட்டப் போய்க் கிளையை விலக்கி, உள்ளே வெள்ளை நூலாம்படையும் பச்சைப் புழுவும் இருக்கிறதா பாருங்கள். வேலிக்கு அப்பால் நிற்கும் உயரமான மரம் ஆஷ் என்று நினைக்கிறேன். ஆஷ் டைபேக் நோய் 2012இல் இங்கே உறுதியானதிலிருந்து அந்த மரங்கள் பட்டுக்கொண்டே வருகின்றன. வீட்டின்மேல் விழும் தூரத்தில் நின்றால், வெட்டும் செலவைக் கணக்கில் சேருங்கள். கிராமம் கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் இருந்தால் மரத்தில் கைவைப்பதற்கு ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் தோட்டத்திலேயே பெரிய செலவு செடியில் இல்லை, சுற்றுச்சுவரில் இருக்கிறது. சுவரின் ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் நெடுகப் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தால் தெரியும். மேலே மூடுகல் விழுந்த இடத்தில் மழை உள்ளே இறங்கி, காரையைக் கரைத்து, இரண்டு மூன்று குளிர்காலத்தில் சுவரைச் சாய்த்துவிடும். எந்தப் பக்கச் சுவர் உங்களுடையது என்று பத்திரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் நன்றாக இருந்தால் அதைவிடப் பெரிய சொத்து அந்தத் தோட்டத்தில் இல்லை. தெற்கு பார்த்த கல் சுவர் பகல் வெயிலை வாங்கி இரவில் விடும். அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் பெரிய தோட்டங்களில் சுவருக்குள்ளேயே புகைவழி வைத்து, நெருப்பு மூட்டி, பீச் பழம் காய்க்க வைத்தார்கள். உங்களுக்கு நெருப்பெல்லாம் வேண்டாம். அத்தியும் திராட்சையும் சும்மாவே காய்க்கும்.

அந்த லாவண்டர் பாத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். சுவரை ஒட்டிய மண்ணை, உள்தரை மட்டத்துக்கு 6 அங்குலமாவது கீழே போகும்வரை தோண்டி அகற்றி, சரளைக்கல் போட்ட வடிகால் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உள்பக்கம் உப்பிய இடத்தைச் சுண்ணாம்புப் பூச்சால் மாற்றலாம். ஆனால் அவ்வளவு கனமான சுவர் காய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், பொறுக்க வேண்டும். இதற்கிடையில் இலவச சர்வே என்று வந்து, துளை போட்டு ரசாயனம் ஏற்றினால் ஈரமே வராது என்று யாராவது கியாரண்டி தந்தால் வாங்காதீர்கள். அவர்கள் கொண்டுவரும் ஈரமானி மரத்துக்காகச் செய்தது. பழைய சுவரில் உள்ள உப்புக்கே அது உச்சத்தைக் காட்டும். காரணம் பாத்தி மட்டும் என்றால் சின்னச் செலவு. தரைக்கடியில் கான்கிரீட்டும் சுவரில் சிமென்ட்டும் சேர்ந்துகொண்டால் பெரிய செலவு. எது என்று சர்வேயரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

பணக் கணக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி எட்டரை லட்சத்துக்கு ஸ்டாம்ப் டியூட்டி 32,500 பவுண்டு. இப்போதைய வீட்டை வைத்துக்கொண்டே வாங்கினால் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல், அதாவது இன்னொரு 42,500. மொத்தம் 75,000. மூன்று ஆண்டுக்குள் பழைய வீட்டை விற்றால் கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்கலாம். வாடகைக்கு விடும் யோசனையை இந்த எண்ணை வைத்துக்கொண்டு மறுபடி பேசுங்கள். பராமரிப்புக்கு வருஷத்துக்கு வீட்டு விலையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 8,500 பவுண்டு, ஒதுக்கச் சொல்வேன். சில வருஷம் அது மிச்சமாகும், கூரை வேலை வரும் வருஷம் போதாது. இன்ஷூரன்ஸில் திரும்பக் கட்டும் செலவை இணையக் கால்குலேட்டரை நம்பிப் போடாதீர்கள். அதே கல்லால், அதே முறையில் கட்டியாக வேண்டும் என்பதால் தொகை வாங்கும் விலையையே தாண்டலாம். சர்வேயரே எழுதித் தருவார்.

கிராமத்து வீட்டுக்கே உரிய இரண்டு விஷயங்கள். கழிவுநீர் மெயின் டிரெய்னுக்குப் போகிறதா, செப்டிக் டேங்க்கா? டேங்க் நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ திறந்தால் 2020 ஜனவரி 1 முதல் அது விதிமீறல். விற்பவர் மாற்றித் தர வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும். இரண்டாவது, ஊர்ச் சர்ச்சின் கிழக்குப் பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு சில நிலங்களோடு பழங்காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊரில் ஒரு தம்பதிக்குச் சுமார் 95,000 பவுண்டு பில் வந்து, வழக்கு 2003இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரை போய், அவர்கள் தோற்றார்கள். 2013 அக்டோபர் 13க்குப் பிறகு விலை கொடுத்து வாங்குபவரை, நிலப் பதிவேட்டில் குறிப்பு இருந்தால்தான் அது பிடிக்கும். சொலிசிட்டர் ஒரு சின்னத் தேடலில் பார்த்துவிடுவார்.

விலையைப் பற்றி இப்போது எதுவும் பேசி முடிக்காதீர்கள். இங்கிலாந்தில் கையெழுத்திட்ட கான்ட்ராக்ட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும்வரை இரு தரப்பும் விலகலாம் என்பதால், ‘சர்வேக்கு உட்பட்டு’ என்று சொல்லி ஆஃபர் கொடுத்து, வேறு யாருக்கும் காட்டாமல் வைக்கச் சொல்லலாம். இரண்டாம் முறை பார்க்க நல்ல மழை நாளில் போங்கள். குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, எந்தக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறது, எங்கே சுவரில் வழிகிறது என்று பாருங்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான். படி உயரம், சமையலறைக் குளிர், பஸ் வரும் நேரம் எல்லாம் அவருக்குச் சரிப்பட வேண்டும்.

சர்வே அறிக்கை வந்ததும் ஈரம், கூரை, சுற்றுச்சுவர் மூன்றையும் பற்றிய பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.